நூற்றுக்கு நூற்றிரண்டு

ஜூன் 4

தம்பிக்கு,

உன் வக்கீல் அனுப்பிய மூன்று பக்கத் தாள் சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. கடையில் கால் வைக்க இடமில்லாத நேரம். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு உறை. ஏதோ நல்ல சேதி என்று நினைத்து, ஜிப்புக் கட்டு வெட்டிக்கொண்டிருந்த கத்தரியாலேயே பிரித்தேன். உள்ளே உன் கையால் எழுதிய ஒரு வரி இல்லை.

முதல் பத்தியிலேயே என்னை "இனி இந்த ஆவணத்தில் முதல் வாடிக்கையாளர் என்று அழைக்கப்படுபவர்" என்று போட்டிருக்கிறது. நாற்பத்து நாலு வருஷமாக அக்கா என்று அழைக்கப்பட்டவளுக்கு இது பதவி உயர்வா, இறக்கமா? உன் மாமாவிடம் கேட்டேன். பில் போடும் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல், "வாடிக்கையாளர்னா மரியாதை ஜாஸ்தி. உன்னை யாராவது 'தாங்கள்'னு பேசியிருக்காங்களா?" என்றார். உனக்குப் பரிந்து பேசுவதற்கென்றே நான் அவருக்குச் சோறு போடுகிறேன்.

தாளை இரண்டு தடவை படித்தேன். நீ விற்கிற பட்டன் எண்ணும் சாஃப்ட்வேரில் எனக்கு "எந்தக் காலத்திலும் எவ்வித உரிமையும் பங்களிப்பும் இருந்ததில்லை" என்று ஒப்புக்கொண்டு, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பக்கத்தின் சாரம் இவ்வளவுதானே?

போட மாட்டேன்.

உரிமை எனக்கு வேண்டாம். ஆனால் பங்களிப்பு இல்லை என்றால் அது பொய். நீ வேலையை விட்டுவிட்டு வந்து என் கடை மாடியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தாய். பட்டனை யாரும் ஒவ்வொன்றாக எண்ணி விற்பதில்லை, எடை போட்டுத்தான் எண்ணிக்கை சொல்கிறோம் என்பதே உனக்கு அங்கேதான் தெரிய வந்தது. நூறு கிராமுக்கு எந்த வகை எத்தனை நிற்கும் என்று ஐம்பத்தெட்டு வகைக்கும் நான் எழுதி வைத்திருந்த நீல நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நீ டைப் அடித்தாய். நோட்டைத் திருப்பித் தரும்போது அட்டையில் உன் டீ டம்ளர் வட்டம் இருந்தது. இன்னும் இருக்கிறது. அது பங்களிப்பு இல்லையென்றால் அந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று உன் வக்கீலைக் கேட்டு எழுது.

அப்படி எழுதிய சாஃப்ட்வேரைக் கொண்டுபோய் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எதிர்க்கடைக்காரருக்கு விற்றாயே, அதைப் பற்றி இப்போது நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் தாள் போதாது.

ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்காதே. உன் தாளில் ஒன்பதாவது ஷரத்து: "இரு தரப்பினருக்கும் இடையிலான அறிவிப்புகள் அனைத்தும் எழுத்து மூலமாக மட்டுமே இருத்தல் வேண்டும். தொலைபேசி உரையாடல் செல்லாது." நான் ஷரத்தை மதிக்கிறவள்.

இப்படிக்கு,
முதல் வாடிக்கையாளர்

ஜூன் 8

அக்காவுக்கு,

நாலு தாள் கிழித்துவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன். பேனா பிடித்து ரொம்ப நாளாகிவிட்டது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அந்தத் தாள் உனக்கு அப்படி மொட்டையாக வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது. நான் தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். டை கட்டிய என் வக்கீல், "சொந்த விஷயத்தை ஆவணத்தோட சேர்க்காதீங்க சார்" என்று எடுத்து வைத்துவிட்டார். சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மின்தராசு செய்கிற ஒரு பெரிய கம்பெனி, தான் விற்கிற ஒவ்வொரு தராசுக்குள்ளும் நம் சாஃப்ட்வேரை வைத்துத் தர விரும்புகிறது. ("நம்" என்று தெரியாமல் எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.) இப்போது முப்பத்தாறு கடைகளில் ஓடுகிறது. அவர்கள் எடுத்தால் ஆயிரக்கணக்கில் ஓடும். எடுக்காவிட்டால் என்னிடம் இருக்கிற ஏழு பேரை இந்த வருஷத்துக்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. அதில் இரண்டு பேர் கணவன் மனைவி, ஒரே நாளில் இரண்டு பேருக்கும் வேலை போகும். ஜூன் முப்பதுக்குள் கையெழுத்தாக வேண்டும்.

அவர்கள் பக்கத்து வக்கீல் ஒரு அம்மா. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். முதல் நாளே கேட்டார்: "இதை முதல்ல யாருக்காக எழுதினீங்க?"

"எங்க அக்காவுக்காக."

"அவங்ககூட போட்ட ஒப்பந்தம் எங்க?"

"அக்கா மேடம் அவங்க."

"அக்காங்கிறது உறவு. நான் கேட்டது ஒப்பந்தம். நாளைக்கு அவங்க வந்து 'என் கடைக்காக எழுதினது, என்னுது'ன்னு நின்னா, நாங்க எத்தனை தராசைத் திரும்ப எடுக்கறது?"

அந்த எட்டு மாதத்தில் நானும் நீயும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொள்ளவில்லை. யார் எழுதுவார்கள்?

எதிர்க்கடை விஷயம். நீ எழுதப் போவதில்லை என்றாய், நான் எழுதுகிறேன். அந்த வருஷம் என்னிடம் உன்னைத் தவிர ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. கேட்டு வந்த ஒரே ஆள் எதிர்ப் பட்டன் கடைக்காரர்தான், நாம் கண்ணாடிக்காரர் என்கிற அந்த மூக்குக் கண்ணாடிக்காரர். உன்னிடம் சொல்ல மூன்று நாள் கடைக்கு வந்தேன். ஒரு நாள் நீ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அதற்காகச் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில், இருபது பேருக்கு முன்னால் "என் நோட்டைப் பார்த்து எழுதிட்டுக் கம்பெனின்னு போர்டு மாட்டியிருக்கான்" என்று சொன்னாயே. எனக்கு அப்போது கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. நோட்டில் இருந்தது எண்கள். அதைத் தராசோடு பேச வைக்க நான் எழுதியது பதினோராயிரம் வரி. அதற்கும் ஒரு டம்ளர் வட்டம் இருந்தால் காட்டியிருப்பேன்.

பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். நியாயம். எது உண்மையோ அதை நீயே ஒரு வரியில் எழுதி அனுப்பு. நீ எழுதினதை அப்படியே வைக்கச் சொல்கிறேன். தராசுக் கம்பெனி ஒப்பந்தத்தின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன், உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்பதற்காக.

தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

பதினோராயிரம் வரி என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் பந்தியில் வாயை மூடியிருப்பேன். நீ மாடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் நான் பார்த்தேன். வேலை செய்கிறாயா, தூங்குகிறாயா என்று காபி கொண்டுவந்த சாக்கில் எட்டிப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை. ஆனாலும் பதினோரு பக்கத்தையும் படித்தேன். நீ படித்தாயா?

நாலாவது ஷரத்து: தராசுக் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் நீ இந்த சாஃப்ட்வேரைக் கொடுக்கக் கூடாது, "ஏற்கெனவே வழங்கப்பட்டவை திரும்பப் பெறப்படும்." அடேய், ஏற்கெனவே வழங்கப்பட்டதில் முதலாவது என் கடை. கையெழுத்தாகிற அன்றைக்கு நீயே வந்து என் மேஜையிலிருந்து கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டு போவாயா? அதில்லாமல் என் கடை ஒரு நாள் ஓடாது. என் பையன்கள் எண்ணவே மறந்துவிட்டார்கள்.

ஏழாவது ஷரத்து: எந்தத் தராசு எந்த ஊரில் தப்பு காட்டினாலும், யாருக்கு எவ்வளவு நஷ்டம் வந்தாலும், எல்லாம் உன் தலையில். உச்சவரம்பு இல்லை. உரிமை எல்லாம் அவர்களுக்கு, பொறுப்பு எல்லாம் உனக்கு. கறி அவர்களுக்கு, எலும்பு உனக்கு என்றால்கூடச் சரி, கடிக்கவாவது செய்யலாம்.

நான் பள்ளிக்கூடம் முடிக்காதவள். ஆனால் இருபத்தேழு வருஷமாகச் சரக்கு வாங்கி விற்கிறேன். வழியில் உடைந்தால் யார் நஷ்டம் என்பதை லாரி கிளம்பும் முன்னால் பேசிவிட வேண்டும். கிளம்பிய பிறகு பேசினால் அது சண்டை. அதனால் போய்ச் சொல்: "தராசுக்குள்ள வைக்கிற உரிமை உங்களுக்கு மட்டும்தான். கடைக் கம்ப்யூட்டர்ல ஓடறது என்னுது. அதைத் தொடாதீங்க. பொறுப்புக்கு ஒரு வரம்பு போடுங்க, ஒரு வருஷத்துல நீங்க எனக்குத் தர்றதுக்கு மேல என்கிட்ட கேக்கக் கூடாது." கண்ணைப் பார்த்துச் சொல். சொன்ன பிறகு பேசாமல் இரு. உனக்கு அந்த இரண்டாவது பகுதி வராது. வாயில் ஒரு பட்டனைப் போட்டுக்கொள்.

நீ கேட்ட உண்மை வரி:

"பட்டியல் என்னுடையது. புரோகிராம் என் தம்பியுடையது. என் பட்டியலை அதில் வைத்துக்கொள்ளவும், யாருக்கு வேண்டுமானாலும் விற்கவும் அவனுக்கு முழுச் சம்மதம் தருகிறேன், எதிர்க்கடை நீங்கலாக."

கடைசி இரண்டு வார்த்தையை எடுக்கச் சொல்லாதே. கண்ணாடிக்காரர் கடைத் தராசு என் கடைத் தராசு மாதிரியே 'டிங்' என்று சத்தம் போடுவதை மூன்று வருஷமாக ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு டிங்குக்கும் வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
முதல் வாடிக்கையாளர்
(வேறு வாடிக்கையாளரே இல்லாத காலத்தில்)

ஜூன் 17

அக்காவுக்கு,

வாயில் பட்டன் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அறையில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் எவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பென்சில் வக்கீலம்மா நாலாவது ஷரத்தைத் தானே அடித்துத் திருத்தினார். ஏழாவதில் வரம்பு போட்டார். வெளியே வந்ததும் என் டை வக்கீல் கேட்டார், "சார், உங்க அக்கா எந்தக் காலேஜ்ல சட்டம் படிச்சாங்க?" பட்டன் காலேஜ் என்றேன்.

உன் வரியும் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, கடைசி இரண்டு வார்த்தை தவிர. எதிர்க்கடையில் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. உன் சம்மதம் அங்கே இல்லை என்றால், நான் மூன்று வருஷமாக உரிமை இல்லாத சரக்கை விற்றவன் என்று ஆகும். அதோடு பேச்சு முறிந்துவிடும். நான் எடுக்கச் சொல்லவில்லை. விளைவை மட்டும் சொல்கிறேன்.

அதற்குள் வேறு ஒரு இடி. இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அவர்களுடைய ஆட்கள் நம் சாஃப்ட்வேரைச் சோதித்தார்கள். ஐம்பத்தெட்டு வகைப் பட்டனையும் வாங்கி, நூறு நூறாக எடை போட்டு, பிறகு கையால் எண்ணினார்கள். பதினேழு வகையில் சரியாக நூறு. நாற்பத்தொரு வகையில் நூற்றிரண்டு. எடை என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இது எப்போதும் கூடவே இருக்கிறது, எப்போதும் அதே இரண்டு. அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் குறைபாடு. "எனக்குத் தெரிந்து இதில் எந்தக் குறைபாடும் இல்லை" என்று ஒப்பந்தத்தில் நான் உத்தரவாதம் தர வேண்டும். இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டால் அது மோசடி.

மூன்று நாள் என் பதினோராயிரம் வரியையும் துருவிப் பார்த்தேன். தப்பு அங்கே இல்லை. பட்டியலில் இருக்கிறது. மூன்று வருஷமாக "எல்லாம் என்னுது" என்று சொல்லிவிட்டு இப்போது "தப்பு மட்டும் அக்காவுது" என்று வந்து நிற்கிறேன், எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். அந்த எண்களை எப்படி எழுதினாய்? தப்பாக எடை போட்டாயா? முப்பத்தாறு கடையும் இத்தனை வருஷமாகத் தப்பாகவா எண்ணிக் கொடுத்திருக்கிறது?

பதிமூன்று நாள் இருக்கிறது.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து இருமல் வந்து, உன் மாமா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

தப்பில்லை. கொசுறு.

நான் எப்படி ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியும். மூடின தொழிற்சாலையில் ஒரு மூட்டை கலப்புப் பட்டன் வாங்கி, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் மாதம் ஒரு தையல்காரம்மா வந்தார். பள்ளிச் சீருடை ஆர்டருக்கு நூறு பட்டன் வாங்கிப் போனார். மறுநாள் இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தார். ஒரு பட்டன் ஓட்டையில்லாமல் இருந்ததாம். ஒரு பட்டனுக்காக ஒரு நாள் வேலை போச்சு. "உன்கிட்ட சண்டை போட வரலம்மா. சட்டைக்குக் கழுத்துப் பட்டன் இல்லாம எப்படிக் குடுக்கறது?" என்றார். அவர் கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து நூற்றுக்கு இரண்டு சேர்த்துப் போட்டேன். வேலைக்கு ஆள் வைத்த பிறகு, நான் பார்த்தால் போடுவார்கள், திரும்பினால் போட மாட்டார்கள். அதனால் பட்டியலிலேயே வைத்துவிட்டேன். வெள்ளை நாலு ஓட்டைப் பட்டன் நூறு கிராமுக்கு இருநூற்றைம்பது நிற்கும். இருநூற்று நாற்பத்தைந்து என்று எழுதினேன். எவன் நிறுத்தாலும் இரண்டு கூடத்தான் விழும். அந்தப் பதினேழு வகை கோட்டுக்குப் போடுகிற உலோகப் பட்டன். அதற்குக் கொசுறு கிடையாது. நான் வியாபாரி, சாமியார் இல்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கேட்கவில்லை. நோட்டை வாங்கினாய், தட்டினாய். எனக்கும் அது கொசுறு என்பதே மறந்துபோயிருந்தது, அதுதான் எண் என்று ஆகிவிட்டது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அப்படியானால் கண்ணாடிக்காரர்? செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"வாங்கம்மா. வேவு பாக்க வந்தீங்களா?" என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

"வெள்ளை நாலு ஓட்டை நூறு குடுங்க."

"உங்க கடையில தீந்து போச்சா? என்னம்மா இது, மீன் வந்து மீன் வாங்குது?"

நிறுத்தார். டிங். அவர் மேஜையிலேயே கொட்டி எண்ணினேன். அவர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றிரண்டு.

"எண்ணிக்கை சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"இருக்கும். உங்க தம்பி மெஷினை வச்சதுலேர்ந்து குறையுதுன்னு ஒருத்தர் திரும்பி வர்றதில்ல. அதுக்கு முன்னாடி வாரத்துக்கு நாலு சண்டை. என்ன ராசியோ!"

பட்டனுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வருஷமாக எவன் கடைக்குச் சாபம் விட்டேனோ, அவன் என் கொசுறைத்தான் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இதை மறைக்காதே. திருத்தவும் திருத்தாதே. போய்ச் சொல். ஆனால் ஒன்று. என் கடையில் கொசுறு என் சரக்கு, நான் தெரிந்து கொடுத்தேன். மற்ற முப்பத்தைந்து கடையில் அது அவர்கள் சரக்கு, அவர்கள் தெரியாமல் கொடுத்தார்கள். எனக்குத் தாராளம் என்று பட்டது அவர்களுக்கு ஓட்டை. அதற்கு நான்தான் காரணம், எழுதிய நீயும். அவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். யாராவது கோபப்பட்டால் வாங்கிக்கொள். வேண்டாம் என்கிறவர்கள் நிறுத்திக்கொள்ள வழி செய். கண்ணாடிக்காரருக்கு மட்டும் நீ எழுதாதே. அதை நான் நேரில் சொல்கிறேன்.

தராசுக் கம்பெனி உன்னைத் தேடி வந்ததே, எதற்காக வந்தது என்று கேட்டாயா? கேள்.

அக்கா

ஜூன் 25

அக்காவுக்கு,

போன கடிதத்தில் நீ "முதல் வாடிக்கையாளர்" என்று கையெழுத்துப் போடவில்லை. கவனித்தேன்.

முதலில் கடைகளுக்கு எழுதினேன், கம்பெனிக்குச் சொல்வதற்கு முன்னாலேயே. டை வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆதாரத்தை நீங்களே தபால்ல அனுப்பறீங்க சார்!" என்றார். உன்னையும் கண்ணாடிக்காரரையும் விட்டு முப்பத்து நாலு கடை. இருபத்தாறு பேர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஆறு பேர் நிறுத்தச் சொன்னார்கள், உடனே நிறுத்திக் கொடுத்தேன். ஒருவர் மூன்றாக ஏற்ற முடியுமா என்று கேட்கிறார். ஒருவர் நல்ல திட்டு திட்டிவிட்டு விலகிக்கொண்டார், அவர் கோபம் நியாயம். இன்னொருவர், இருக்கட்டும் என்ற இருபத்தாறில் ஒருவர்தான், ஒரு மணி நேரம் போனில் பேசினார். சரக்கு குறைகிறதே என்று மச்சினன் மேல் சந்தேகப்பட்டு ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிறாராம். "இப்ப நான் எந்த மூஞ்சியோட அவன் வீட்டுக்குப் போவேன்?" என்றார். எனக்குத் தெரிந்த யோசனை ஒன்றுதான், கடிதம் எழுதுங்கள் என்றேன்.

பிறகு கம்பெனிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதைத் தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"எங்க அக்கா தெரிஞ்சு செஞ்சாங்க. நான் தெரியாம செஞ்சேன்."

"இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்."

"முப்பத்து நாலு கடைக்கும் தெரியும் மேடம். எழுதிட்டேன்."

அப்போதுதான் நீ சொன்னதைக் கேட்டேன்: எத்தனையோ பேர் இருக்கும்போது என்னிடம் எதற்கு வந்தீர்கள்? வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி முதலாளி சிரித்துவிட்டார். "எங்க தராசு வாங்கினவங்க சொல்ற புகார்ல பாதி 'எண்ணிக்கை குறையுது'ங்கறதுதான். உங்க சாஃப்ட்வேர் ஓடற கடைகள்ல விசாரிச்சோம், ஒரு புகார்கூட இல்ல. ஏதோ பெரிய கணக்கு போட்டிருக்கீங்கன்னு நெனச்சோம்" என்றார். பிறகு வக்கீலம்மா பக்கம் திரும்பி, "இது குறைபாடுன்னா, நான் வாங்க வந்ததே அதைத்தான்" என்றார்.

ஒப்புக்கொண்டார்கள். கொசுறைக் குறைபாடுகள் பட்டியலிலிருந்து எடுத்து, வசதிகள் பட்டியலில் சேர்க்கிறார்கள். கடைக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தராசைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்தும் போட்டார்கள். பட்டியலை உருவாக்கியவர் நீ என்று ஒப்பந்தத்தில் வருகிறது.

இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, வக்கீலம்மா "கொசுறு" என்ற வார்த்தைக்கு முதல் பக்கத்தில் விளக்கம் கேட்கிறார். நான் மூன்று தடவை எழுதினேன், மூன்றும் தள்ளுபடி மாதிரியே இருக்கிறது என்று திருப்பிவிட்டார். "உங்க அக்காவையே கேளுங்க" என்றார்.

இன்னொன்று உனக்குத் தெரியும். அந்த இரண்டு வார்த்தை. நான் கேட்கவில்லை. சம்மதத் தாள் மூன்று பிரதி இதோடு வைத்திருக்கிறேன், கடைசி வரியில் இடம் விட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும். அன்றைக்கு மூன்றாம் நாளாவது தைரியமாக உள்ளே வந்து சொல்லியிருக்க வேண்டும். நீ கத்தியிருப்பாய். கத்திவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

கத்தியிருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க மாட்டேன், மறுநாள்தான் கேட்டிருப்பேன்.

நேற்று கண்ணாடிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மூணு வருஷமா நான் உங்க பழக்கத்துல நல்ல பேர் வாங்கிட்டிருக்கேனா?" என்றார். ஆமாம் என்றேன். "மூணு வருஷமா நீங்க என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டிருந்தீங்க?" அதற்கும் ஆமாம் என்றேன். கொசுறை நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடையை எட்டிப் பார்த்தார். "வேணாம்மா. இப்ப நிறுத்தினா எல்லாரும் உங்க கடைக்கு வந்துடுவாங்க" என்றார். வியாபாரி என்றால் அவர் வியாபாரி. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். கடைக்கு வந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கம் டிங். வயிறு எரியவில்லை. ஒருவேளை டீதான் காரணமோ என்னவோ.

நீ கேட்ட விளக்கம். இதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்துச் செல்லாது என்று வக்கீலம்மாவிடம் சொல்:

"கொசுறு என்பது வாங்குகிறவர் கேட்காமல், விற்கிறவர் தெரிந்தே, விலைக்கு மேல் கொடுப்பது. கேட்டு வாங்கினால் அது தள்ளுபடி. சொல்லிக் காட்டினால் அது விளம்பரம். தெரியாமல் போனால் அது நஷ்டம்."

எனக்கு இரண்டு நிபந்தனை. என் கடையில் ஓடுவது என் கடை இருக்கும்வரை ஓட வேண்டும், அதை எவனும் திரும்பக் கேட்கக் கூடாது. எழுத்தில் வேண்டும். இரண்டாவது, தராசு கடைக்குப் போகும்போது கொசுறோடு போகட்டும். வேண்டாம் என்கிறவர் தானே கை வைத்து நிறுத்திக்கொள்ளட்டும். நிறுத்துகிற நேரத்தில் கொஞ்சம் யோசிப்பார்கள் இல்லையா?

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசி வரியில் நீ விட்ட இடத்தை என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன்: "எதிர்க்கடை உட்பட."

உன் மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மூன்று வருஷமும் வாரா வாரம் உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்ததாக நேற்று ஒப்புக்கொண்டார். எனக்கு முதல் வாரமே தெரியும். குடோனில் நின்று குசுகுசுவென்று பேசுகிறவர் பட்டன் வியாபாரமா பேசுவார்?

இன்னொரு அறிவிப்பு. ஒன்பதாவது ஷரத்தை இந்தக் கடிதத்தோடு ரத்து செய்கிறேன். முப்பதாம் தேதி கையெழுத்து முடிந்ததும் போன் பண்ணு. அந்த ஏழு பேருக்கும் ஏதாவது நல்லதாக வாங்கிக் கொடு. பிறகு ஊருக்கு வா. நீல நோட்டில் உனக்குத் தெரியாத இன்னும் இருபது வகை சேர்ந்திருக்கிறது. இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணுக்கும் ஏன், எதற்கு என்று கேட்டுத் தட்டு. டீ டம்ளரை வேறு எங்காவது வை.

அக்கா

பி.கு.: மூன்று பிரதி கேட்டிருந்தாய். உறையில் நாலு இருக்கும். நாலாவது எதற்கு என்று டை வக்கீல் கேட்டால், விளக்கம் முதல் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்.